‘உம்’ கொட்ட ஆள் வேண்டும்: திரை நேரம் உறவுகளை என்ன செய்கிறது?

கதை சொல்லும் பாட்டிகள் எல்லோருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கேட்கிறவர் ‘உம்’ கொட்ட வேண்டும். எங்கள் அம்மாச்சி ராஜகுமாரனைக் காட்டு வழியில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, “என்னடா, ‘உம்’மைக் காணோம்? தூங்கிட்டியா?” என்பார். நாங்கள் அவசரமாக ‘உம்’ என்றால்தான் ராஜகுமாரன் அடுத்த அடி எடுத்து வைப்பான். அந்தச் சின்ன ஒலிக்குள் எவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிற்பாடுதான் புரிந்தது, என் மகளிடம் பொய்யாக ‘உம்’ கொட்டிய ஒரு நாளில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் திரை நேரம். இதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. கல்யாணப் பந்தியில் ஒருவர், “இந்த போன் வந்துதான் குடும்பம் குடும்பமா இல்லாம போச்சு” என்பார். பக்கத்து இலைக்காரர், “டி.வி. வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க, யாரும் கெட்டுப் போயிடலையே” என்பார். இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். அதனால்தான் பேச்சு எங்கும் போய்ச் சேர்வதில்லை.

## மணிக்கணக்கில் என்ன தெரியும்?

திரை நேரம் என்பது, ஒருவர் ஒரு நாளில் டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று ஏதோ ஒரு திரையின் முன் செலவிடும் மொத்த நேரம். போனின் செட்டிங்ஸுக்குள் போனால் அதுவே கூட்டிக் காட்டிவிடும்.

‘இன்றைக்கு ஒன்றரைக் கிலோ சாப்பிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் நமக்கு என்ன புரியும்? சாப்பிட்டது தர்பூசணியா, மிக்சரா? நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டாரா, நடு இரவில் தனியாகவா? எடை தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. திரை நேரமும் அப்படிப்பட்ட ஓர் எடைதான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவரோடு ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுகிற பெண்ணுக்கும், பக்கத்திலேயே மனைவி உட்கார்ந்திருக்க ஒரு மணி நேரம் ரீல்ஸ் தள்ளுகிற ஆணுக்கும் போன் காட்டுவது ஒரே கணக்கு.

ஆராய்ச்சியாளர்களையும் இந்த எடை குழப்பியிருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1990-களின் நடுவில் 73 குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் கொடுத்து, ராபர்ட் கிராவுட் என்பவரின் குழு கவனித்து வந்தது. இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டாரோடு பேசுவது கொஞ்சம் குறைந்தது, தனிமை உணர்வு கொஞ்சம் கூடியது என்று 1998-இல் எழுதினார்கள். உலகம் முழுக்க அது செய்தியானது. அப்புறம் அதே ஆட்களை மறுபடி விசாரித்தபோது, அந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவை மறைந்துபோயிருந்தன. 2002-இல் அதையும் அவர்களே எழுதினார்கள். 2019-இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஷிபில்ஸ்கி என்ற இருவர் 3,50,000-க்கும் மேற்பட்ட பதின்வயதினரின் விவரங்களை அலசினார்கள். அவர்களின் மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில், டிஜிட்டல் கருவிகளின் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான்.

சரி, அப்படியானால் செல்போனால் ஒரு கேடும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. கிலோ கணக்கை வைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் விடை இப்படித்தான் மங்கலாக வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களில் காய்ச்சல்காரர்கள் அதிகம். அதற்காக மருந்துக்கடைதான் காய்ச்சலைக் கொடுத்தது என்று சொல்ல மாட்டோம். தனிமையில் வாடுகிறவர் போனை அதிகம் எடுப்பார். போனை அதிகம் எடுத்ததால் தனிமையாகவும் ஆகியிருக்கலாம். எது முதலில் வந்தது என்பது மணிக்கணக்கைப் பார்த்தால் தெரியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: திரை நேரம் ஓர் எடை. உறவுக்கு என்ன ஆகிறது என்று தெரிய, அந்த நேரம் எதைத் தள்ளிவிட்டது, எதற்கு நடுவில் புகுந்தது என்று பார்க்க வேண்டும்.

## ஒரு தெருவுக்கு ஒரு திரை, ஓர் ஆளுக்கு ஒரு திரை

ஒரு நாள் என்பது 24 மணி நேரம் கொள்ளும் படி. நிறைந்த படியில் புதிதாக ஒரு பிடி போட்டால், வேறு ஒரு பிடி வழிந்து விழும். ஒரு பழக்கம் வந்து இன்னொன்றின் நேரத்தை எடுத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் இடப்பெயர்ச்சி என்கிறார்கள். வழிந்து விழுந்த பிடி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை அருகிலிருந்து பார்க்கும் அரிய வாய்ப்பு கனடாவில் கிடைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு சிற்றூர். மலைப் பள்ளத்தாக்கில் இருந்ததால் அங்கே டி.வி. சிக்னல் எட்டவில்லை. 1973-இல் டி.வி. வரப்போகிறது என்று தெரிந்ததும், டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் தலைமையில் ஒரு குழு முன்கூட்டியே போய் ஊர் மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தது. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் போனது. ஏற்கெனவே டி.வி. இருந்த வேறு இரண்டு ஊர்களோடும் ஒப்பிட்டது. ஊரின் அடையாளம் தெரியாமலிருக்க ‘நோடெல்’ என்று பெயர் வைத்தார்கள். டி.வி. இல்லாத காலத்தில் மற்ற இரண்டு ஊர்களையும்விட நோடெல்காரர்கள் விளையாட்டு, கூட்டம், நடன விழா என்று ஊர்க் காரியங்களில் அதிகம் கலந்துகொண்டிருந்தார்கள். டி.வி. வந்தபின் அது இறங்கியது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. மாலை நேரம் வேறு இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதை இதே வழியில் போகவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். அதற்குப் பிறகு வெகு காலம் ஒரு தெருவில் ஒரு வீட்டில்தான் டி.வி. இருக்கும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் அந்த வீட்டுக் கூடம் நிறைந்து, ஜன்னல் கம்பிகளிலும் பிள்ளைகள் தொங்குவார்கள். அந்தத் திரை ஆட்களைக் கூட்டியது. பாட்டுக்கு நடுவில் பேச்சு, பேச்சுக்கு நடுவில் ஒரு தட்டில் பொரி. பிறகு 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், ஒரு வீட்டுக்கு ஒரு திரை என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்தபின், ஓர் ஆளுக்கு ஒரு திரை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அந்தப் பழைய கூடத்துக்குள் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. சிலருக்குப் பாய் விரித்தார்கள், சிலரை வாசலோடு நிறுத்தினார்கள். எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே இடம் இருந்தது. வாசலில் நின்று பார்த்த அம்மாவுக்குச் சொந்த டி.வி. என்பது முதலில் மரியாதை. திண்ணையும் கூடமும் போய்விட்டதே என்று ஏங்கும்போது, அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

செல்போன் காலத்து இடப்பெயர்ச்சிக்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2018-இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு, ஹன்ட் ஆல்காட் என்ற பொருளியலாளரின் குழு, ஒரு கூட்டத்தினரில் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் பணம் கொடுத்து 4 வாரம் பேஸ்புக்கை மூடிவைக்கச் சொன்னது. குலுக்கலில் பிரித்ததால், மருந்துக்கடைக் குழப்பம் இங்கே கிடையாது. மூடியவர்களுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதில் ஒரு பகுதி டி.வி.க்குப் போனது. ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் நேரில் இருப்பதற்குப் போனது. மனம் கொஞ்சம் தெளிந்ததாகச் சொன்னார்கள், நாட்டு நடப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. மாற்றம் சிறியது, ஆனால் வந்த திசை தெளிவு.

## “மணி என்ன ஆச்சு?”

இடப்பெயர்ச்சியில் யாரும் கணக்கு வைக்காத ஒரு பிடி உண்டு. அது காத்திருக்கும் நேரம்.

ரேஷன் கடை வரிசை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், சலூன் பெஞ்சு. இந்த இடங்களில் நமக்கு அலுத்துப்போகும். அலுப்புத் தாங்காமல் பக்கத்தில் நிற்பவரிடம் “மணி என்ன ஆச்சு?” என்று கேட்போம். அது மணி தெரிந்துகொள்வதற்கான கேள்வி மட்டுமா? பேச்சைத் தொடங்கும் சாவி. மணியில் தொடங்கி, பஸ்ஸைத் திட்டி, எந்த ஊர் என்று விசாரித்து, கடைசியில் அவர் சித்தப்பாவும் நம் பெரியப்பாவும் ஒன்றாக மில்லில் வேலை பார்த்தவர்கள் என்பதில் வந்து நிற்கும்.

இப்படி உண்டாவதற்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: முகப்பழக்கம். நட்பு என்று சொல்ல முடியாது, அந்நியமும் இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். வேலை மாறியவர்களிடம் அந்த வேலை யார் மூலம் தெரிந்தது என்று விசாரித்தார். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்த்துக்கொள்ளும் ஆட்கள் மூலமே பலருக்குத் தெரிந்திருந்தது. காரணம் எளிது. நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். முகப்பழக்கக்காரர் வேறொரு வட்டத்திலிருந்து செய்தி கொண்டுவருகிறார். வாடகைக்கு வீடு காலி என்பது, நல்ல பிளம்பர் யார் என்பது, பெண்ணுக்கு வரன் என்பது எல்லாம் அந்த வழியாகத்தான் வரும்.

சலூனில் கிடக்கும் ஒரே தினத்தந்தியை மூன்று பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். ஒருவர் சத்தமாகத் தலைப்பைச் சொல்வார், கத்தரி பிடித்தவர் பதில் சொல்வார். இப்போது அதே பெஞ்சில் அதே மூன்று பேர் ஆளுக்கொரு போனோடு இருக்கிறார்கள். யாரும் தவறு செய்யவில்லை. மணி எல்லோர் கையிலும் இருக்கிறது, கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அலுப்பு போனது, அதோடு சாவியும் போனது.

சுருக்கமாக: திரை வெளிப்படையாக எடுத்துக்கொள்ளும் மாலைப் பொழுதைவிட, சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் இந்தச் சில்லறை நிமிடங்கள்தான் ஊர் வாழ்க்கைக்குப் பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

## பொய் ‘உம்’

இப்போது என் மகளின் கதை. அன்று அவள் பள்ளியில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனில் ஒரு மெயிலைப் பார்த்தபடி சரியான இடங்களில் ‘உம்’ கொட்டினேன். திடீரென்று நிறுத்தி, “இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்கப்பா” என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. “பரவாயில்லப்பா” என்று எழுந்து போய்விட்டாள். அந்தப் ‘பரவாயில்ல’ இன்னும் என் காதில் இருக்கிறது.

பேசுகிறவர் வாயால் மட்டும் பேசுவதில்லை. கேட்கிறவரின் கண், புருவம், ‘உம்’, ‘அய்யய்யோ’, ‘அப்புறம்?’ இதெல்லாம் சேர்ந்துதான் பேச்சை முன்னே இழுக்கிறது. பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் கைக்குழந்தைகளிடம் பார்த்தார். அம்மா முதலில் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவார். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றுக்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். பிற்காலத்தில் இதே சோதனையை அம்மாவை போன் பார்க்கச் சொல்லியும் செய்தார்கள். அப்போதும் குழந்தைகள் வாடின.

பேச்சுக்கு நடுவே திரை புகுந்து இந்தக் கொடுக்கல் வாங்கலை அறுப்பதைக் குறுக்கீடு என்போம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாப்பிட உட்கார்ந்தபின் பத்து முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம், ஒருவர் போனைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனின் கணக்கில் அது வெறும் 5 நிமிடம். எதிரில் இருப்பவருக்கோ பத்து முறை அறுந்த பேச்சு. பதினோராவது முறை அவர் தொடங்க மாட்டார். மணிக்கணக்கில் உறவின் சேதம் தெரியாமல் போவது இதனால்தான்.

இதே அளவுகோல் திரையின் நல்ல பக்கத்தையும் காட்டுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் கொடுத்த பரிந்துரையில், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றது, வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கார்ட்டூன் குழந்தையைப் பார்ப்பதில்லை. டொரண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பேரனைக் கூப்பிடும் அம்மம்மா பார்க்கிறார். அவன் கையாட்டினால் கையாட்டுகிறார், அழுதால் “என்னடா ராசா?” என்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ‘உம்’ கொட்ட ஆள் இருக்கிறது. கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

## தாயம் விழும்வரை

இவ்வளவு தெரிந்தும் ஏன் கை போனுக்குப் போகிறது? மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று திட்டுவது எளிது. தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அடுத்த உருட்டலில் விழலாம், பத்தாவதிலும் விழாமல் போகலாம். அந்த நிச்சயமின்மைதான் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கையை இழுக்கிறது.

பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இதைப் புறாக்களிடம் விரிவாக ஆராய்ந்தார். கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா ஓயாமல் கொத்தும். தீனி அடியோடு நின்ற பிறகும் வெகு நேரம் கொத்திக்கொண்டிருக்கும். இப்படி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத பரிசை, நிச்சயமில்லா வெகுமதி எனலாம். போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதே உருட்டல்தான். சில சமயம் ஒன்றும் இருக்காது. சில சமயம் யாரோ ஒருவரின் அன்பான செய்தி இருக்கும்.

இதோடு முடிவில்லாத் திரையும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் ஒரு நொடி யோசனை வரும். 2006-இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ளத் தானாக வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். விருந்தில் இலை காலியாகும் முன் பரிமாறிக்கொண்டே இருந்தால், எவ்வளவு சாப்பிட்டோம் என்று கை எப்படி அறியும்?

தாயத்துக்கும் போனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாயக்கட்டத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

## ஊர் வாட்ஸ்அப்புக்கு வந்தபோது

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் மாட்டியிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு வேண்டும், எங்கே படகு இருக்கிறது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும்தான் ஓடியது. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆட்கள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

அதே வாட்ஸ்அப்பில் 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்யும் ஓடியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். நாடு முழுக்க இப்படிப் பல கொலைகள் நடந்தன. அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 ஆட்களுக்கோ குழுக்களுக்கோ மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

டீக்கடையிலும் வதந்தி பரவியிருக்கிறது. ஆனால் அங்கே சொல்கிறவரின் முகம் தெரியும். “நீ பார்த்தியா? யார் சொன்னா?” என்று ஒரு பெரியவராவது கேட்பார். பார்வர்டு செய்திக்குக் கேள்வி கேட்கும் ஆள் இல்லை. சித்தப்பாவிடமிருந்து வந்தது என்பதாலேயே சித்தப்பா மேலிருக்கும் நம்பிக்கை அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அவருக்கு யார் அனுப்பினார் என்பது தெரியாது.

## 7 மணிச் சங்கு

‘நீ போனைக் கீழே வை’ என்று ஒருவரிடம் மட்டும் சொல்வதில் பெரிய பயனில்லை. அவர் வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரில் இருப்பவர் போனில் இருக்கிறார். பேச இரண்டு பேர் வேண்டும், விளையாட ஒரு தெருவே வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். திரை நேரத்தைத் தனி ஆளின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசும்போது இதைத் தவற விடுகிறோம்.

மகாராஷ்டிரத்தின் சாங்க்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர் இதைப் புரிந்துகொண்டது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்குப் போன போன், பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. பெரியவர்களும் மாலையானால் டி.வி. முன்னால்தான். ஏறக்குறைய 3,000 பேர் வாழும் அந்த ஊர், 2022 ஆகஸ்டில் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது. தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு, அதாவது சைரன், ஒலிக்கும். ஒலித்ததும் எல்லா வீட்டிலும் டி.வி.யையும் போனையும் அணைத்துவிட வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு. தொடக்கத்தில் ஊர்க்காரர்களே இது நடக்கிற காரியமா என்று கேட்டார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆட்களை அமர்த்தினார்கள்.

இதில் ஒரு குழந்தைக்கும் தான் மட்டும் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றாது. அந்த நேரத்தில் போனில் இருக்கும் நண்பன் யாரும் கிடையாது. அப்பாவின் போனும் அணைந்திருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். 8.30-க்கு மறுபடி சங்கு ஒலிக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.